18 வயசானா இல்லத்துல இடமில்ல... காலேஜ் படிப்பு என்னாகும்? பிற்காப்பு உதவி பற்றி முழு விவரம்

குழந்தைகள் இல்லங்களில் வளரும் பிள்ளைகள் 18 வயது நிறைந்ததும் வெளியேற வேண்டும். பிளஸ் டூ முடித்து காலேஜில் சேரும் நேரமும் அதுதான். ஃபீஸ் யார் கட்டுவது? எங்கே தங்குவது? இவர்களுக்காகச் சட்டத்திலேயே இருக்கும் உதவிதான் பிற்காப்பு.

சட்டம் என்ன சொல்லுது?

இளஞ்சிறார் நீதிச் சட்டம் 2015-ன் 46-வது பிரிவு, இல்லத்தை விட்டு வெளியேறுவோருக்கு நிதியுதவி வழங்கலாம் என்கிறது. 21 வயது வரை இந்த ஆதரவு உண்டு.

என்னென்ன கிடைக்கும்?

▪ மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய்.

▪ உயர்கல்வி உதவித்தொகை, 6 முதல் 8 பேர் சேர்ந்து தற்காலிகமாகத் தங்க வீடு. 2016 மாதிரி விதிகளில் இவை உள்ளன.

▪ செலவுக்கான பணம் நேரடியாக வங்கிக் கணக்குக்கு வரும்.

21 வயசு தாண்டிட்டா?

18 வயதில் சேர்ந்தால் பி.ஏ., பி.எஸ்சி. 21-ல் முடிந்துவிடும். இன்ஜினியரிங் 4 வருஷம். கடைசி வருஷம்தான் சிக்கல். விதிவிலக்கான சூழலில் மேலும் 2 ஆண்டுகள், அதாவது 23 வயது வரை நீட்டிக்க விதிகளில் இடமுண்டு.

எப்போ கேட்கணும்?

வெளியேறுவதற்கு 2 மாதம் முன்பே, அந்தப் பிள்ளைக்கான பிற்காப்புத் திட்டத்தைத் தயாரித்து குழந்தைகள் நலக் குழுவிடம் தர வேண்டும். இது இல்லத்தின் சமூகப் பணியாளர் அல்லது நன்னடத்தை அலுவலர் பொறுப்பு. சட்டத்தில் 'வழங்கலாம்' என்றுதான் இருக்கிறது. அதனால் பிள்ளைகளும் சும்மா இருக்கக் கூடாது. 'என் திட்டம் போயிடுச்சா?' என்று கேட்க வேண்டும். பதில் வரவில்லையா? மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகை நேரில் அணுகலாம்.