கள்ளுக்கடை மறியலும் ஆயர் கெத்தும்

கெடாவில் குடி எதிர்ப்பு என்றதும் ஞாபகம் வருவது தொண்டர் படைதான். போருக்குப் பிறகு, பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தின் ஏ.எம். சாமி திரட்டிய இளைஞர்கள் கள்ளுக்கடைகளை மறித்தார்கள். 1947இல் போலீஸ் அவர்களை ஒடுக்கியது. கடைக்கு உரிமம் தந்ததே அரசு. கூலியில் ஒரு பங்கு அங்கேயே கரைந்தது. அதனால் அது கூலிக்கான போராட்டமும்தான். ஆனால் குடிக்கிறவனை மானம் கெட்டவனாகப் பார்த்ததே தவிர, நோயாளியாகப் பார்க்கவில்லை. அந்தப் பார்வை இன்னும் போகவில்லை என்றே நினைக்கிறேன்.

இப்போது ஆயர் கெத்தும், அதாவது கெத்தும் இலையைக் காய்ச்சிய தண்ணி. 'ஒரு கிளாஸ் போட்டா உடம்பு வலி தெரியாது' என்பார்கள். அதிலுள்ள மித்ராஜினைன், மார்ஃபின் பற்றும் அதே ஏற்பிகளைத்தான் மூளையில் தேடிப் போகிறது. 1952 நச்சுப்பொருள் சட்டத்துக்குள் வருவதால் டாக்டரிடம் பலர் வாயைத் திறப்பதில்லை. அவர் முதுகு வலிக்கு டிரமடோல் எழுதிவிட்டால் வம்புதான்: இரண்டும் சேர்ந்தால் வலிப்பு வரலாம், மூச்சு மந்தமாகலாம்.

2005இல் அரசே மெத்தடோன் சிகிச்சை தொடங்கிய நாடு இது. மாத்திரை எழுதுமுன் "ஆயர் கெத்தும் குடிப்பீங்களாண்ணே?" என்று முகம் சுளிக்காமல் கேட்கவும் டாக்டர்களுக்குச் சொல்லித்தர வேண்டும்.