கிரனாடோஸும் 'கோயெஸ்காஸ்' இசையும்

ஸ்பானிய இசையமைப்பாளரும் பியானோ கலைஞருமான என்ரிக்கே கிரனாடோஸ் 1867 ஜூலை 27 அன்று கத்தலோனியாவின் லெய்தா நகரில் பிறந்தார். தந்தை ராணுவ அதிகாரி. பார்சலோனாவில் புஜோலிடம் பியானோவும் பெலிப் பெத்ரெலிடம் இசையமைப்பும் கற்றார். ஸ்பெயினின் இசை அதன் நாட்டுப்பாடல்களிலிருந்தே எழவேண்டும் என்று வாதிட்டவர் பெத்ரெல்.

1887-இல் பாரிஸ் சென்றவரை டைபாய்டு படுக்கையில் தள்ளியது. எழுந்தபோது இசைக்கல்லூரியில் சேரும் வயது கடந்திருந்தது. அங்கே ஆசிரியராயிருந்த பெரியோவிடம் தனியாகப் பாடம் கேட்டு, 1889-இல் ஊர் திரும்பினார். பெயரை முதலில் பரப்பியவை 12 ஸ்பானிய நடனங்கள். அவற்றில் ஐந்தாவதான 'அந்தலூசா' இன்று கித்தாரிலும் ஓயாமல் ஒலிப்பதால், அது பியானோவுக்கு எழுதப்பட்டது என்பதே பலருக்குத் தெரியாது.

1901-இல் பார்சலோனாவில் இசைப்பள்ளி தொடங்கினார். பியானோவின் பெடலை எப்போது மிதிப்பது, எப்போது விடுவது என்பதற்கென்றே ஒரு பாடநூலும் எழுதினார். மனோதர்மமாக வாசிப்பதில் வல்லவர்; எழுதிய இசையிலும் அந்த வாசிப்பின் சாயல் உண்டு. ஒரே மெட்டு புதிய அலங்காரங்களோடு திரும்பத் திரும்ப வரும். கட்டுக்கோப்பு தளர்வுதான், அந்தத் தளர்விலேயே அதன் அழகும் இருக்கிறது.

ஓவியர் கோயா மீதும், அவர் தீட்டிய பழைய மத்ரித்தின் பகட்டான ஆண், பெண்கள் மீதும் கிரனாடோஸுக்குத் தீராத மோகம். தாமும் அந்தப் பாணியில் படம் வரைந்து பார்த்தார். அதில் பிறந்ததே 'கோயெஸ்காஸ்' பியானோ தொகுப்பு. 1911 மார்ச்சில் பார்சலோனாவின் பலாவ் அரங்கில் அதன் முதல் பகுதியை அவரே வாசித்தார். நங்கையும் இராப்பாடிப் பறவையும் உரையாடும் பகுதி ஒரு வலென்சிய நாட்டுப்பாடலை ஒட்டியது. கடைசியில் பறவையின் குரல் மட்டும் எஞ்சும்.

அந்தத் தொகுப்பே பிறகு ஓப்பரா ஆனது. இசை ஏற்கெனவே இருந்ததால், ஓப்பராவின் பாடலாசிரியர் பெரிகெத் செய்தது மெட்டுக்குப் பாட்டெழுதும் வேலை. கதை மெலிந்துபோனதில் வியப்பில்லை. பாரிஸில் அரங்கேற வேண்டிய நாடகம், 1914-இல் போர் மூண்டதால் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அரங்குக்குப் போய், 1916 ஜனவரி 28 அன்று அரங்கேறியது. ஒத்திகைக் காலத்தில் சேர்த்த இடையிசைதான் அந்த ஓப்பராவில் இன்று அதிகம் வாசிக்கப்படுவது.

கிரனாடோஸுக்குக் கடல் என்றாலே அச்சம். அதிபர் வில்சன் வெள்ளை மாளிகையில் வாசிக்க அழைத்ததால், நேராக ஸ்பெயின் செல்லும் கப்பலை விட்டுவிட்டு இங்கிலாந்து வழியாகத் திரும்பினார். மார்ச் 24 அன்று ஆங்கிலக் கால்வாயில் 'சசெக்ஸ்' கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கியின் டார்பிடோ தாக்கியது. நீரில் தத்தளித்த மனைவி அம்பாரோவைக் காப்பாற்ற அவர் குதித்தார் என்று சொல்லப்படுகிறது. இருவருமே மாண்டனர், அவருக்கு வயது 48. கப்பலோ முழுகவில்லை. முன்பகுதி சிதைந்த அதைக் கரைக்கு இழுத்துவந்தார்கள்.

அனாதைகளான ஆறு பிள்ளைகளுக்காக மே மாதம் நியூயார்க்கில் இசைக்கலைஞர்கள் கசல்ஸ், கிரைஸ்லர், படெரெவ்ஸ்கி மூவரும் நிதிக் கச்சேரி செய்தனர். பள்ளியை மாணவர் பிராங்க் மார்ஷல் ஏற்று நடத்தினார். 'கோயெஸ்காஸ்' வாசிப்பில் உலகப் புகழ் பெற்ற அலிசியா தெ லரோச்சா மார்ஷலின் மாணவி. அவருடைய தாய் கிரனாடோஸிடமே பயின்றவர்.