பனிக்கு அஞ்சாத நிற அல்லி

1889-ல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்கு வந்தவர்கள் ஈஃபிள் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். ஆற்றின் எதிர்க்கரையில், ட்ரோகாதெரோ தோட்டத்தில், குனிந்து பார்க்க வேண்டிய அதிசயம் ஒன்று இருந்தது. மஞ்சளும் இளஞ்சிவப்புமாகப் பூத்த அல்லிகள்!

அதுவரை ஐரோப்பியக் குளத்தில் அல்லி என்றால் பெரும்பாலும் வெள்ளைதான். நம் ஊர்ச் செவ்வாம்பலை அங்கே கொண்டுபோய் விட்டால் முதல் குளிர்காலத்தைத் தாண்டாது. கண்ணாடி வீடு கட்டிச் சூடேற்றி வளர்க்கப் பணக்காரர்களால்தான் முடியும்.

வெட்டவெளியிலேயே தாக்குப்பிடிக்கும் நிற அல்லிகளை உருவாக்கியவர் தென்மேற்குப் பிரான்சின் லத்தூர்-மார்லியாக். மூங்கிலில் ஆர்வம் கொண்டவர், லொட் ஆற்றுப் பக்கத்தில் 1875-ல் பண்ணை போட்டார். ஐரோப்பிய வெள்ளை அல்லியோடு மெக்சிகோவின் மஞ்சள் அல்லியைச் சேர்த்துப் பிறந்தது 'க்ரோமடெல்லா'. மணத்துக்கு வட அமெரிக்காவின் வாச அல்லி இருந்தது. தாவரவியலார் வைத்த பெயர் நிம்ஃபேயா ஓடொராட்டா.

இந்த வாச அல்லி காலையில் விரிந்து மதியத்துக்கு மேல் கூம்பும்; இப்படிச் சில நாள். முதல் நாள் பூவின் நடுவில் சிறு குழியாகத் திரவம் தேங்கி நிற்கும். வேறு பூவிலிருந்து மகரந்தத்தோடு வரும் பூச்சி அதில் சறுக்கி விழ, மகரந்தம் கழுவப்பட்டுச் சூலகமுடியில் படியும். சில பூச்சிகள் அதிலேயே மூழ்கிச் சாவதும் உண்டு. மறுநாள் திரவம் வற்றிவிடும், பூ தன் மகரந்தத்தை உதிர்க்கத் தொடங்கும். ஆக, கலப்பினம் செய்ய நினைப்பவருக்குக் கிடைப்பது அந்த முதல் நாள்தான். பிறகு காம்பு சுருள்வில்லாகச் சுருண்டு காயை நீருக்குள் இழுத்துக்கொள்ளும்.

எதை எதோடு சேர்த்தார் என்பதை மார்லியாக் முழுசாகச் சொல்லவில்லை. வியாபாரி, சொல்லுவாரா? அவருடைய கலப்பினங்கள் பலவும் விதை கட்டாதவை. கிழங்கை வெட்டி நட்டால்தான் பெருகும். வாங்கியவர் அதை வைத்துப் புதிதாக ஒன்றைப் பிறப்பிப்பது கடினம்.

ஓவியர் மோனே 1893-ல் ஜிவெர்னியில் குளத்துக்கு நிலம் வாங்கி, மறுவருஷம் இந்தப் பண்ணைக்கு ஆர்டர் அனுப்பினார். வெளிநாட்டுச் செடி தண்ணீரைக் கெடுத்துவிடும் என்று ஊர்க்காரர்கள் எதிர்த்ததைப் பலர் வேடிக்கையாக எழுதுகிறார்கள். எனக்கு அது அவ்வளவு அசட்டுத்தனமாகப் படவில்லை. கலப்பினங்கள் அடங்கிக் கிடந்தன, சரி. விதை கட்டும் வாச அல்லியோ அமெரிக்காவின் கிழக்கிலிருந்து வாஷிங்டன் மாநில ஏரிகளுக்குப் போய், இன்று அங்கே களைப் பட்டியலில் இருக்கிறது.