தங்கக் கிட்டாரில் பொறித்த சாபம்

அந்தக் கிட்டாரில் ஒரு சாபம் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதைத் திருடுகிறவனுக்கும் பழித்துப் பேசுகிறவனுக்குமான சாபம். உலோகப் பாகங்களுக்குத் தங்க முலாம். செய்தவர் க்ளாவ்டியோ செஸர். வாசித்தவர் அவர் தம்பி செர்ஜியோ. பிரேசிலின் 'ஓஸ் முட்டான்டிஸ்' ராக் குழுவுக்கென்று ஒரு தனிச் சத்தம் உண்டு. அது பிறந்தது இந்த அண்ணனின் பட்டறையில்தான்.

சாவ் பாவ்லோ நகரின் பொம்பேயா பகுதி. அம்மா க்ளாரிஸ் லெய்ட்டி பேர்பெற்ற பியானோ கலைஞர். பிள்ளைகளுக்கோ பீட்டில்ஸ் பைத்தியம். வெளிநாட்டு எலெக்ட்ரிக் கிட்டார் அன்று அங்கே யானை விலை. வாங்க முடியாததைச் செய்துவிடலாம் என்று மூத்தவர் உட்கார்ந்தார். மரத்தை இழைத்தார், கம்பி சுற்றினார், ஆம்ப்ளிஃபயர் கட்டினார். நடுவில் பிறந்த அர்னால்டோவும் கடைக்குட்டி செர்ஜியோவும் தோழி ரீட்டா லீயும் சேர்ந்து 1966இல் குழுவானார்கள். பெயர் வைத்தது பாடகர் ரோனி வான். 'திரிபுற்றவர்கள்' என்று பொருள்; ஒரு விஞ்ஞானக் கதைப் புத்தகத்திலிருந்து எடுத்தது.

நாட்டில் 1964 முதல் ராணுவ ஆட்சி. எலெக்ட்ரிக் கிட்டார் என்றாலே அந்நிய மோகம் என்று பலருக்குக் கோபம். 1967 ஜூலையில் அதை எதிர்த்து சாவ் பாவ்லோவில் ஊர்வலமே போனார்கள். அந்த ஊர்வலத்தில் நடந்தவர்களில் பாடகர் கில்பெர்டோ ஜில்லும் ஒருவர். மூன்றே மாதத்தில், டி.வி. ரெக்கார்ட் இசைவிழா மேடையில் அதே ஜில் முட்டான்டிஸின் கிட்டாரோடு பாடி இரண்டாம் பரிசு வாங்கினார். மனம் மாறியதை ஊரறிய மேடையில் காட்டிய அந்தத் துணிவை நான் பெரிதாக மதிக்கிறேன்.

1968இல் முதல் இசைத்தட்டு. அதில் ஒரு பிரெஞ்சுப் பாட்டு. டிரம்ஸில் 'ட்ஸ், ட்ஸ்' என்று ஒலிக்கும் ஜோடித் தட்டுக்குப் பதிலாக, பூச்சி மருந்து அடிக்கும் பம்ப்பைத் தாளத்துக்கு அடித்திருக்கிறார்கள்! 'புஸ், புஸ்' என்று அது பாட்டோடு ஒட்டிக்கொண்டு போவதைக் கேட்டால், சத்தம் எந்தப் பொருளிலிருந்து வந்தால் என்ன என்று தோன்றும். வீட்டுத் தையல் மிஷினும் ஒரு கிட்டார் எஃபெக்டுக்கு உதவியது. கையில் கிடைத்ததையெல்லாம் இசையாக்கிப் பார்க்கும் பழக்கம் அந்த வீட்டில் ஊறிப்போயிருந்தது.

அதே ஆண்டு பாடகர் கேட்டானோ வெலோசோவோடு ஏறிய மேடையில் மாணவர்கள் கூச்சலிட்டு முதுகைக் காட்டினார்கள். இவர்களும் முதுகைத் திருப்பிக்கொண்டு வாசித்தார்கள். டிசம்பரில் அடக்குமுறை முற்றியது. ஜில்லும் கேட்டானோவும் கைதாகி, பிறகு லண்டனுக்குப் போக நேர்ந்தது. 1972இல் ரீட்டா லீ பிரிந்தார், அடுத்த ஆண்டு அர்னால்டோ. செர்ஜியோ மட்டும் 1978 வரை இழுத்துப் பிடித்தார்.

1993இல் பிரேசில் வந்த நிர்வானா ராக் குழுவின் கர்ட் கோபேன், அர்னால்டோவுக்குக் கைப்பட ஒரு கடிதம் எழுதிவைத்துவிட்டுப் போனார். 2006இல் லண்டன் பார்பிகன் அரங்கில் குழு மீண்டும் மேடையேறியது. 2023 மே மாதம் ரீட்டா லீ மறைந்தார்.

இத்தனையிலும் க்ளாவ்டியோ செஸர் மேடைக்கு வெளியேதான் நின்றார். அந்த 1968 இசைத்தட்டைக் கேட்கும்போது கிட்டார் உறுமுகிற இடங்களில் அவரையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.