லுபானும் சாம்பிராணியும்

வெள்ளி இரவுகளிலும் மவ்லிது மஜ்லிஸ்களிலும் சாம்பிராணிப் புகை கமழ்வது நம் இல்லங்களின் நெடுநாள் வழக்கம். அதனை அரபு நாட்டு லுபான் என்றே நம்மில் பலர் கருதி வருகிறோம். ஆனால் அவை இரண்டும் வெவ்வேறு மரங்களின் பிசின்கள்.

லுபான், ஓமானின் ழுஃபார், யமனின் ஹழ்ரமவ்த் ஆகிய வறண்ட நிலங்களில் வளரும் மரத்திலிருந்து கிடைப்பது. அரபு மருத்துவர்கள் அதனைக் குந்துர் என்றும் அழைத்தனர். இப்னு சீனா தம் ‘அல்கானூன்’ நூலில் அதன் மருத்துவப் பயன்களை எழுதியுள்ளார். அதன் எண்ணெயில் பொதுவாக மிகுந்திருப்பது ஆல்ஃபா பைனீன். அதே இனத்தைச் சேர்ந்த நம் நாட்டு மரத்தின் பிசினே குந்திரிக்கம். அதன் எண்ணெயில் ஆல்ஃபா துஜீன் மேலோங்கி நிற்கும்.

சாம்பிராணியின் தாயகமோ சுமத்ரா. மதுரைச் சுல்தான்களின் காலத்தில் மதுரைக்கு வந்து சென்ற இப்னு பதூதா, 1345ஆம் ஆண்டளவில் சுமத்ராவை அடைந்தார். அங்கு விளையும் பிசினை அவர் ‘லுபான் ஜாவி’ எனக் குறிப்பிடுகிறார். சுமத்ராவையும் அரபுகள் ஜாவா என்றே வழங்கினர். ஐரோப்பியர் நாவில் அப்பெயர் திரிந்து ‘பென்சாயின்’ ஆயிற்று. அப்பிசினிலிருந்து பிரித்த அமிலம் பென்சாயிக் அமிலம் எனப்பட்டது. அதன் வழியே பென்சீனும் பெயர் பெற்றது. இன்றைய வேதியியல் நூல்களில் முஸ்லிம் வணிகர்களின் சொல்லொன்று இவ்வாறு மறைந்து வாழ்கிறது. சாம்பிராணியின் இன்மணத்துக்குக் காரணம் பென்சாயிக், சின்னமிக் அமிலங்களைச் சார்ந்த பொருள்களே. லுபானில் மணப்பது பைனீன் போன்ற டெர்பீன்கள்.

இந்த வேறுபாட்டை அறிவது நமக்குத் தேவை. ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் முதலிய ஊர்களின் கடைவீதி வரை இன்று ‘லுபான் எண்ணெய்’ வந்துவிட்டது. மூட்டுவலி தீரும் என்று விற்போர், பிசினிலுள்ள பாஸ்வெல்லிக் அமிலங்களையே சான்றாகக் காட்டுகின்றனர். அவ்வமிலங்களோ எளிதில் ஆவியாகாதவை. நீராவியால் வடிக்கும்போது அவை எண்ணெயோடு வாராமல் பிசினிலேயே தங்கிவிடுகின்றன. ஆகவே பிசினின் பெருமையை எண்ணெய்க்கு ஏற்றிக் கூறுவது முறையன்று.

சரக்கின் குறையை மறைக்காமல் விற்பது நம் மார்க்கம் வணிகருக்கு விதித்த கடமை. ஒரு பொருளின் பெயரை வைத்து மற்றொன்றை விற்காதிருப்பதும் அக்கடமையில் அடங்கும். வாங்கும் நாமும் எந்த மரம், எந்த நாடு, எண்ணெயா பிசினா எனக் கேட்டு வாங்குவோமாக. நேர்மையான வணிகத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.