காலங்கடந்த கடன்கோரிக்கைகளும் கம்பெனிக் கலைப்புச் சட்டமும்

ஒரு கம்பெனி கலைக்கப்படுங்கால் அதன் சொத்துகளை விற்றுக் கிடைத்த தொகையைக் கடன் கொடுத்தோருக்கு விகிதாசாரப்படி பங்கிடவேண்டுமென்பது பழைய கொள்கையேயாயினும், குறித்த தவணைக்குள் தன் கடனை நிரூபிக்கத் தவறிப் பங்கீடு தொடங்கியபின் வந்து நிற்பவனுக்கு உரிமை உண்டா என்ற வினாவுக்குச் சட்டம் எக்காலத்தும் ஒரே விடையைக் கூறிவரவில்லை.

இங்கிலாந்தின் 1862-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், 107-ஆம் பிரிவின்படி, தவணை குறிக்கும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்கு அளித்தது. தவணையைத் தவறவிட்டவனோ, தன் கடன் நிரூபணமாவதற்குமுன் நடந்துவிட்ட விநியோகத்தின் பலனை மட்டுமே இழந்தான். தாமதத்துக்குத் தண்டனை உண்டு, ஆனால் கடன் சாவதில்லை என்பதே அதன் தாத்பரியம். 1872-இல் ஜெனரல் ரோலிங் ஸ்டாக் கம்பெனி வழக்கை விசாரித்த ஜேம்ஸ், மெல்லிஷ் என்னும் நீதிபதிகள் இன்னும் ஒரு படி மேலே சென்று, கலைப்பாணை பிறந்த அன்றே கம்பெனியின் சொத்து கடன் கொடுத்தோர் அனைவரின் நன்மைக்கும் உரியதாகிவிடுவதால், அன்று உயிரோடிருந்த கடன் பின்னர் காலவரையறைச் சட்டத்தால் அழியாது என்று தீர்த்தனர்.

இந்தக் கொள்கையே நம் நாட்டின் 1956-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தில் 474-ஆம் பிரிவாகவும், 1959-ஆம் ஆண்டு விதிகளில் 178-ஆம் விதியாகவும் இடம்பெற்றது. அவ்விதி இயங்கும் முறை சற்று உற்று நோக்கத்தக்கது. பத்தாயிரம் ரூபாய் வரவேண்டிய ஒருவன் வருவதற்குள், முதற் பங்காக ரூபாய்க்கு நாலணா வீதம் மற்றவர்களுக்குக் கொடுத்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். லிக்விடேட்டர் கையில் மிச்சமுள்ள பணத்திலிருந்து, அடுத்த பங்கு கொடுக்கப்படுமுன், இவனுக்குரிய 2,500 ரூபாய் முதலில் கொடுக்கப்படும். ஆனால் பிறர் வாங்கிச் சென்ற காசில் ஒன்றையும் திருப்பிக் கேட்க இவனுக்கு அதிகாரமில்லை. முந்தி வந்தவனுக்கு நிச்சயமும் பிந்தி வந்தவனுக்கு நியாயமும் ஒருங்கே கிட்டும் இத்தகைய ஏற்பாடு சட்டங்களில் அபூர்வமாகவே காணப்படுவது.

2016-ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தொகுப்பு வந்தபோது நோக்கமே வேறாயிற்று. நொடித்த கம்பெனியைக் கலைப்பதைவிட, புதியவர் ஒருவரிடம் ஒப்படைத்து வாழவைப்பதே அதன் முதல் முயற்சி. வாங்குகிறவரோ, தாம் ஏற்கும் கடன் எவ்வளவு என்பதை அறியாமல் விலை கூறமாட்டார். ஆகவே 2018-இல் ஒழுங்குமுறைகள் திருத்தப்பட்டு, கோரிக்கைகளுக்கு 90 நாள் எல்லை வகுக்கப்பட்டது. 2021-இல் கனஷ்யாம் மிஸ்ரா வழக்கில் உச்சநீதிமன்றம், அங்கீகரிக்கப்பட்ட மீட்புத் திட்டத்தில் இடம்பெறாத கோரிக்கைகள் முற்றிலும் அற்றுப்போகும் என்றது. 2023 செப்டம்பரில் ஆர்.பி.எஸ். இன்ஃப்ராஸ்ட்ரக்சர் வழக்கில், 287 நாள் தாமதித்த கோரிக்கையை அது ஏற்க மறுத்தது. கடன் கொடுத்தோர் குழு திட்டத்தை ஏற்றுவிட்டபின் புதிதாக ஒருவரை நுழையவிட்டால் முடிவே இராது என்பதும், பத்திரிகை அறிவிப்பைக் காணவில்லை என்பது ஒரு வியாபார ஸ்தாபனத்துக்குச் சமாதானமாகாது என்பதும் அதன் காரணங்கள்.

வியாபார ஸ்தாபனத்தைப் பொறுத்தவரை இத்தீர்ப்பில் குறைகாண இடமில்லை. ஆனால் அதே பத்திரிகை அறிவிப்பே, சம்பள பாக்கிக்குக் காத்திருக்கும் தொழிலாளிக்கும், வீட்டுக்கு முன்பணம் கட்டியவருக்கும் போதுமானதாகக் கருதப்படுகிறது; வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வசதியற்ற இவர்களுடைய அறியாமையை அசிரத்தையென்று கொள்வது தகாது என்பதே என் அபிப்பிராயம்.

மேலும் ஒரு முரண்பாடு உண்டு. மீட்பு முயற்சி தோற்றுக் கம்பெனி கலைப்புக்கு வருமானால், 38-ஆம் பிரிவின்படி முப்பது நாளுக்குள் கோரிக்கைகள் புதிதாகப் பெறப்படுகின்றன. கம்பெனி பிழைத்திருந்தால் வெறுங்கையோடு திரும்பியிருக்கவேண்டியவன், அது அழிந்ததால் மீண்டும் வரிசையில் நிற்கத் தகுதி பெறுகிறான். மீட்பில் வாங்குகிறவருக்கு வேண்டிய கண்டிப்பு, வாங்குகிறவரே இல்லாத கலைப்பு நிலையிலும் தொடரவேண்டிய அவசியமில்லை. பங்கிடாத பணம் கையிலிருக்கும்வரை, 178-ஆம் விதி காட்டிய வழியே அங்கு நீடிக்கவேண்டும்.