யார் கையில் இருக்கிறது ஏடு?



யாருடைய நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ, அந்தத் தோழரை அறிந்தவர்களுக்கு அவருடைய சட்டைப்பையில் இருந்த சிறு நோட்டும் நினைவிருக்கும். எந்த வழக்காகக் காவல் நிலையம் போனாலும், உள்ளே நுழைந்த நேரம், நாற்காலியில் இருந்தவர் பெயர், அவர் சொன்ன சொல், வெளியே வந்த நேரம் எல்லாவற்றையும் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து எழுதிவிடுவார். "அவங்க ஒரு ஏட்டுல எழுதுறாங்க. நாமளும் ஒண்ணுல எழுதணும்ல" என்பார். இந்த உரை அந்தச் சொல்லின் விரிவுதான்.

பணியில் இருக்கும் காவலரைப் பதிவு செய்யலாமா என்ற கேள்வி இன்று கைப்பேசியோடு பிறந்ததைப் போலப் பேசப்படுகிறது. நம்மைப் பொறுத்தவரை அது மிகப் பழைய கேள்வி. அதிகாரம் நம்மைப் பற்றி எழுதுகிறது. அதிகாரத்தைப் பற்றி யார் எழுதுவது?

1854இல் சென்னை மாகாணத்தில் ஒரு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் அதன் உறுப்பினர்கள். வரி வசூலிக்கவும் ஒப்புதல் வாக்குமூலம் வாங்கவும் சித்திரவதை நடக்கிறதா என்று அவர்கள் விசாரித்தார்கள். நேரிலும் கடிதத்திலுமாக 1,959 புகார்கள் வந்தன. 1855இல் வந்த அறிக்கையில் கிட்டி, அண்ணாந்தாள் என்ற நம் சொற்கள் ஆங்கில எழுத்தில் கிடக்கின்றன. விரல்களைக் கட்டைகளுக்கு இடையே வைத்து நெரிப்பது கிட்டி. ஆளைக் குனியவைத்துக் கயிற்றால் கட்டி நிறுத்துவது அண்ணாந்தாள். சித்திரவதை உண்டு என்று குழு ஒப்புக்கொண்டது. ஆனால் பழியைச் சுதேசிச் சிப்பந்திகள்மேல் வைத்துவிட்டு வெள்ளை அதிகாரிகளை விடுவித்தது. அதன்பின் 1859இல் வருவாய்த்துறையிலிருந்து காவலைப் பிரிக்கும் சட்டம் வந்தது. நம் காவல்துறையின் பிறப்புக் கதையிலேயே சித்திரவதைப் புகார் இருக்கிறது. அன்று நிலமற்ற பண்ணையாட்களில் எத்தனை பேரால் மனு எழுதவோ குழுவின் முன் வந்து நிற்கவோ முடிந்திருக்கும் என்று நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

காவல்துறை பிறந்தபின் ஏடு முழுக்க அதன் கைக்குப் போனது. 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர் உள்ளிட்ட பல சமூகங்கள் கைரேகை வைக்கவும், இரவில் ஆஜர் கொடுக்கவும், வெளியூர் போக அனுமதிச் சீட்டு வாங்கவும் கட்டாயப்படுத்தப்பட்டன. கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர்க் கள்ளர்கள்மேல் 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை சுட்டதில் 16 பேர் இறந்தார்கள். பதிவேடு என்பது வெறும் காகிதம் அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 1952இல் அந்தச் சட்டம் நாடு முழுவதும் ஒழிந்தது. வழக்கமான குற்றவாளிகள் என்ற பெயரிலும் 'ஹிஸ்டரி ஷீட்' என்ற பெயரிலும் பதிவேடு ஒழியவில்லை.

அந்த ஏட்டுக்கு எதிராக நம்மிடம் நெடுங்காலம் இருந்தது வாய்ச்சொல் ஒன்றுதான். 1993இல் இன்றைய கடலூர் மாவட்டத்தின் கம்மாபுரத்தில் குறவர் சமூகத் தொழிலாளி ஒருவர் விசாரணைக்குக் கொண்டுபோகப்பட்டார். அவர் தப்பி ஓடிவிட்டார் என்றது காவல் நிலையக் குறிப்பு. அவரை அடித்ததைக் கண்ணால் பார்த்த மனைவி ஆட்கொணர்வு மனு போட்டார். சந்துரு அவருக்காக வாதாடினார். உயர் நீதிமன்றம் நிலையக் குறிப்பை நம்பவில்லை. அந்தப் பெண்ணின் சொல்லை நம்பியது. 'ஜெய் பீம்' படம் வழியாக உங்களில் பலர் இதை அறிவீர்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு, 1992 ஜூன் 20 அன்று, தர்மபுரி மாவட்டத்தின் வாச்சாத்திக்குள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் புகுந்தார்கள். சந்தனக் கட்டை தேடப்போனோம் என்றார்கள். 18 பழங்குடிப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். எந்தக் கேமராவும் அங்கே இல்லை. அந்தப் பெண்கள் அடையாளம் காட்டினார்கள், கூண்டில் ஏறிச் சொன்னார்கள். மலைவாழ் மக்கள் சங்கம் உடன் நின்றது. 2011 செப்டம்பர் 29 அன்று, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நீதி வந்தது, ஆனால் முதல் தீர்ப்புக்கே 19 ஆண்டுகள் ஆயின. 54 பேர் தண்டனை கேட்காமலே இறந்துபோனார்கள்.

அப்படியானால் கேமரா இருந்திருந்தால் எல்லாம் எளிதாகியிருக்குமா? 1999 ஜூலை 23 நமக்கு வேறு பாடம் சொல்கிறது. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் நடந்த பேரணியைக் காவல்துறை தடியால் அடித்துத் தாமிரபரணிக்குள் விரட்டியது. பெண்கள், இரண்டு வயதுக் குழந்தை உட்பட 17 பேர் இறந்தார்கள். அன்று கேமராக்கள் இருந்தன. ஆற்றுக்குள் தத்தளித்தவர்கள்மேல் காவலர்கள் கல்லெறிந்த காட்சிகளை நாடே பார்த்தது. ஆர்.ஆர். சீனிவாசன் 'ஒரு நதியின் மரணம்' என்ற ஆவணப்படம் எடுத்தார். இருந்தும் நீதிபதி மோகன் ஆணையம், இறந்தவர்களில் 11 பேர் நீரில் மூழ்கினார்கள் என்றது, காவல்துறை நடவடிக்கை சரியே என்றது. அவர்களை ஆற்றுக்குள் இறங்க வைத்தது யார் என்ற கேள்விக்குப் படத்தில் விடை இருந்தது. அறிக்கையில் அது ஏறவில்லை. படம் இருப்பது ஒன்று, அதைப் பார்க்கச் சித்தமாயிருக்கும் கண் இருப்பது வேறு.

இங்கே எங்கள் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சேரிக்கு உண்மை அறியும் குழுவாகப் போனோம். இரவில் காவலர்கள் புகுந்து அடித்திருந்தார்கள். இளைஞர்கள் எடுத்த வீடியோக்கள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. விசாரணைக்கு என்று வாங்கிப்போன போன்கள் எல்லாம் அழிக்கப்பட்டுத் திரும்பியிருந்தன. ஒரு மூதாட்டிதான் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்: "உள்ள வரும்போதே நெஞ்சுல குத்தியிருந்த பேர கழட்டிப் பையில போட்டுக்கிட்டாங்க. நாலு பேரு. எனக்கு எழுத்து தெரியாதுய்யா. எழுத்து இருக்கா இல்லையான்னு தெரியும்." கைது செய்யும் காவலர் தெளிவான பெயர்ப்பட்டை அணிந்திருக்க வேண்டும் என்பது 1996ஆம் ஆண்டு டி.கே. பாசு தீர்ப்பின் முதல் நெறிமுறை. அந்த அம்மா தீர்ப்பைப் படித்தவர் அல்ல. அது மீறப்பட்டதற்கு அவர்தான் சாட்சி. எங்கள் அறிக்கையின் முதல் பத்தியாக அதையே வைத்தோம்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் நடந்ததை இந்தக் கோணத்தில் மறுபடி பாருங்கள். ஊரடங்கில் கடை திறந்திருந்ததாகச் சொல்லி அழைத்துப்போகப்பட்ட மகனும் தந்தையும் அடுத்தடுத்த நாட்களில் இறந்தார்கள். அவர்கள் தலித்துகள் அல்ல. கொட்டடி நம்மோடு நிற்பதில்லை என்பதற்காகவே அதை இங்கே சொல்கிறோம். அந்தச் சம்பவத்துக்கு நான்கு பதிவுகள் இருந்தன. முதலாவது எஃப்.ஐ.ஆர். அவர்கள் தரையில் உருண்டு தாங்களே காயப்படுத்திக்கொண்டார்கள் என்று அது எழுதியது. இரண்டாவது நிலையத்தின் சிசிடிவி. போதிய இடம் இருந்தும், அன்றாடம் தானாக அழியும்படி அது வைக்கப்பட்டிருந்ததை விசாரிக்கப்போன நீதித்துறை நடுவர் கண்டார். மூன்றாவது தெருக் கடை ஒன்றின் கேமரா. எஃப்.ஐ.ஆர் சொன்ன தகராறு அதில் இல்லை. நான்காவது அன்றிரவு பணியில் இருந்த பெண் தலைமைக் காவலரின் வாக்குமூலம். அவர் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். அரசின் காகிதம் பொய் சொன்னது. அரசின் கேமரா வாய் மூடிக்கொண்டது. தெருவின் கேமராவும் ஒரு பெண்ணின் மனசாட்சியும் பேசின. வழக்கு அவற்றின் மேல்தான் நின்றது.

கடல் கடந்த ஓர் உதாரணம். 1966இல் ஓக்லந்தில் தொடங்கிய கறுப்புச் சிறுத்தைகள், சட்டப் புத்தகத்தோடு காவல் வண்டிகளைப் பின்தொடர்ந்து கண்காணித்தார்கள். 1972இல் பம்பாயில் எழுந்த தலித் சிறுத்தைகள் அந்தப் பெயரைத்தான் எடுத்துக்கொண்டார்கள். 1991இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ராட்னி கிங் அடிக்கப்பட்டதை எதிர்வீட்டுக்காரர் ஒருவர் வீடியோ எடுத்தார். உலகமே பார்த்தது. அடுத்த ஆண்டு மாகாண நீதிமன்றத்தின் ஜூரிகள் அந்தக் காவலர்களைத் தண்டிக்க மறுத்தார்கள். 2020இல் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் இறந்தபோது, அது ஒரு மருத்துவ நிகழ்வு என்றது காவல்துறையின் முதல் அறிக்கை. 17 வயதுப் பெண் எடுத்த வீடியோ அதைப் பொய்யாக்கியது. முன்னதில் மாகாண நீதிமன்றத்தில் நடக்காத தண்டனை பின்னதில் நடந்தது. இடையில் கேமரா மட்டும் மாறவில்லை. 30 ஆண்டு இயக்கமும் இருந்தது.

இன்று சட்டம் ஓரளவு நம் பக்கம் நிற்கிறது. பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியோடு பதியும் கேமராக்கள் வேண்டும் என்றது. வாசல், லாக்கப், வராந்தா, ஆய்வாளர் அறை எதுவும் விடுபடக்கூடாது. பதிவை 18 மாதமும், வசதி இல்லாவிட்டால் ஓராண்டாவதும் காக்க வேண்டும். பலத்த காயமோ மரணமோ நேர்ந்தால் மனித உரிமை ஆணையம் அதை வரவழைக்கலாம். வன்கொடுமை தடுப்புச் சட்டத்தின் 15அ பிரிவு, அந்தச் சட்டத்தின் கீழான நடவடிக்கைகள் எல்லாம் வீடியோ எடுக்கப்பட வேண்டும் என்கிறது. காவல் நிலையத்துக்குள் வீடியோ எடுப்பது அலுவலக ரகசியச் சட்டப்படி குற்றமல்ல என்று 2022இல் பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் 2025இல் காவல் நிலைய கேமராக்கள் இயங்காததை உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து வழக்காக எடுக்க வேண்டியிருந்தது.

அதே ஆண்டு ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் கோயில் காவலாளி ஒருவரைக் காவலர்கள் நிலையத்துக்கு வெளியே வைத்து அடித்தார்கள். அவர் இறந்தார். அங்கே எந்த அரசுக் கேமராவும் கணக்கில் வரவில்லை. மறைந்திருந்து கைப்பேசியில் எடுத்த ஒருவரின் சில நொடிப் படம்தான் உண்மையை வெளியே கொண்டுவந்தது. காவலர்கள் கைதானார்கள். எடுத்தவரோ தன் உயிருக்குப் பாதுகாப்பு கேட்க வேண்டியதாயிற்று. தோழர்களே, நாம் பேச வேண்டிய இடம் இதுதான். படத்தைப் பரப்ப நாம் ஆயிரம் பேர் இருக்கிறோம். எடுத்தவர் வீட்டுத் திண்ணையில் இரவு காவல் இருக்க எத்தனை பேர் இருக்கிறோம்? அவர் மறுநாளும் அதே நிலையத்தைத் தாண்டித்தான் வேலைக்குப் போக வேண்டும். பணி செய்யவிடாமல் தடுத்தார் என்று ஒரு வழக்கு அவருக்காகக் காத்திருக்கும். சேரியில் பிறந்தவரானால் அவர் படிப்பும் அரசு வேலைக் கனவும் அதோடு போகும்.

ஆகவே நம் அமைப்புகள் செய்யக்கூடியவை சில உண்டு. படம் எடுத்த போனையே பத்திரமாக வையுங்கள். வாட்ஸப்பில் வந்த நகல் சுருங்கியது, வெட்டுப்பட்டது என்று வாதிடுவார்கள். மூலக் கோப்பும், சாட்சியச் சட்டம் கேட்கும் சான்றிதழும் இருந்தால்தான் அது நீதிமன்றத்தில் நிற்கும். அடிபட்டவரின் உடலை, குறிப்பாகப் பெண்களின் உடலை, அம்பலப்படுத்தும் காட்சியைப் பரப்பாதீர்கள், வழக்கறிஞரிடம் கொடுங்கள். கொட்டடிப் புகார் வந்த அன்றே, நிலையத்தின் சிசிடிவி பதிவைக் காக்கச் சொல்லி மாவட்டக் கண்காணிப்புக் குழுவுக்கும் மனித உரிமை ஆணையத்துக்கும் எழுத்தில் மனு கொடுங்கள். பதிவு அழிந்தபின் கேட்டால் பயன் இல்லை. எடுத்தவருக்கு ஒரு வழக்கறிஞர், தங்க ஓர் இடம், இழந்த கூலிக்கு ஒரு நிதி: இம்மூன்றும் இல்லாமல் யாரையும் 'தைரியமாக எடு' என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை.

1855இல் குழுவின் முன் வந்து நின்றவர் முதல் மடப்புரத்தில் மறைந்து நின்றவர் வரை, அதிகாரத்தின் பொய்யை உடைத்தது ஒரு மனிதரின் துணிவுதான். காகிதமும் கேமராவும் அந்தத் துணிவுக்குப் பின்னால் வந்தவை. நம் தோழர் நோட்டில் எழுதியதோடு நிற்கவில்லை, கூண்டிலும் ஏறினார். சாட்சி சொல்ல வந்தவர்களோடு பேருந்தில் போய், சொல்லி முடித்த அவர்களை வீடுவரை கொண்டுவிட்டார். அந்த வேலையைத்தான் நம்மிடம் விட்டுப்போயிருக்கிறார். அதைத் தொடர்வோம்.

ஜெய் பீம்.